அரை லீற்றர் தண்ணீரும் கெக்கரிப் பந்தலும்

பாப்பாமோட்டை,
மன்னார்.
02.02.2025

அன்பு மகன் பார்த்தீபனுக்கு,

அம்மா எழுதுவது. அந்தக் குளிருக்குள் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எங்கள் சுகத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். அதனால் அதை ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியவில்லை.

நேற்றுத்தானே போனில் கதைத்தோம், இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நீ எடுக்கிற சனிக்கிழமைகளில் அப்பா அரை மணித்தியாலத்துக்கு முதலே முகம் கழுவி, சேர்ட் போட்டு, முகத்தில் வெளிச்சம் விழாத பக்கமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். போனின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு என் பக்கத்திலேயே இருப்பார். நான் வாய் திறந்தால் என் காலை மிதிப்பார். பிறகு நான் எதைச் சொல்ல? அன்ரோனெற் ரீச்சரின் மகள் வருகிற புதன்கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கிடைத்ததும் போனில் "சாமான் கிடைச்சுது" என்று மட்டும் சொல். எனக்கு விளங்கும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது என்று உனக்குத் தெரியும். மருந்தோடு சமாளிக்கிறார் என்று அவர் உனக்குச் சொன்னது பொய். கார்த்திகை மாதத்திலிருந்து மெசினில் போட்டு இரத்தம் கழுவுகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் போகிறோம். பாயிஸ் தம்பியின் ஓட்டோ காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நிற்கும். நாலு மணித்தியாலம் கட்டிலில் கிடந்துவிட்டு வரும்போது அவரால் தலையை நிமிர்த்த முடியாது. பாலம் தாண்டி வரும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து கிடப்பார். முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. பாயிஸ் கண்ணாடியை மேலே திருப்பி விட்டுவிட்டான். நல்ல பிள்ளை.

இடது கையில் நரம்புகளை இணைத்து ஒப்பரேசன் செய்திருக்கிறார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, அதில் பிரஷர் கூடப் பார்க்கக்கூடாது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல ஒரு சத்தம். உன் தங்கச்சி டிலக்சனா முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போகுமுன் ஒவ்வொரு நாளும் அந்தக் கையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு "ஓடுது" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது தண்ணீர். ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கக்கூடாது. தேத்தண்ணீர், ரசம், கஞ்சி எல்லாம் அதற்குள்ளேதான். சோடாப் போத்தல் ஒன்றில் கோடு போட்டுக் காலையில் நிரப்பி வைக்கிறேன். அதிலிருந்துதான் எல்லாம். வயலில் நிற்கும்போது ஒரு செம்புத் தண்ணீரை வாய் எடுக்காமல் குடித்து முடிக்கிற மனிசன். இப்போது மூடியில் ஊற்றி நாக்கை நனைக்கிறார். நான் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் குசினிக் கதவுக்குப் பின்னால் போய்க் குடிக்கிறேன். டிலக்சனாவும் அப்படித்தான்.

வயலை இந்தப் போகத்துக்கு மஹ்மூது நானாவிடம் விட்டுவிட்டோம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்த அன்று அப்பா வரம்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். பிறகு கிறிஸ்மஸ் கழிந்த கிழமை நீ போனில் ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில் விடிந்தால் பொழுதுபட்டால் பெட்டி பெட்டியாகக் கெக்கரிக்காய்தான் வெட்டுகிறாய் என்று. அடுத்த நாளே அப்பா டவுனில் இரண்டு பைக்கற் கெக்கரி விதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "பிள்ளை அங்க வெட்டுறான், நான் இஞ்ச நடப்போறன்" என்றார்.

விதையை ஈரத்துணியில் சுற்றிச் சிரட்டைக்குள் வைத்தார். மூன்றாம் நாள் வெள்ளை முளை வந்தது. கிணற்றுக்குப் பின்னால் பதினெட்டுக் குழி. மாட்டெருவும் உமிச்சாம்பலும் போட்டு, குழிக்கு மூன்று விதை. எல்லாம் வலது கையால்தான். மண்ணை நான் கொத்திக் கொடுத்தேன். மஹ்மூது நானா பழைய நைலோன் வலை கொண்டுவந்து தந்தார். கம்பு நட்டு அதைக் கட்டிப் பந்தலாக்கியிருக்கிறார். கொடி ஏற ஏற ஒவ்வொரு நுனியையும் பிடித்து வலைக்கண்ணில் கோத்து விடுகிறார். இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் இப்போது காலையில் எழும்பி நேரே அங்கேதான் போகிறார். எனக்குச் சந்தோசம்.

ஒன்றுதான் பார்க்க முடியவில்லை. பின்னேரத்தில் நான் கிணற்றில் அள்ளிக் கொடுக்க, அவர் சின்ன வாளியால் ஒவ்வொரு குழிக்கும் ஊற்றுவார். மண் அதை உறிஞ்சும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார்.

உன் அகதி வழக்கு என்ன நிலைமை என்று அப்பா கேட்டால் மட்டும் விபரமாகச் சொல். வழக்கு முடியுமட்டும் நீ அந்த நாட்டை விட்டு அசையக்கூடாது, அசைந்தால் எல்லாம் போய்விடும் என்று அவர் எனக்கும் ஒரு நாளைக்கு இரண்டு தரம் சொல்கிறார். நான் இதை எழுதியது உன்னைக் கலங்க வைக்க இல்லை. வீட்டில் நடப்பது பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு. கத்தி பிடிக்கிற கை, கவனம்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா வசந்தமலர்.


பாப்பாமோட்டை,
மன்னார்.
23.03.2025

அன்பு மகனுக்கு,

பிள்ளையார் துணை. நீ போனில் "அம்மா, சாமான் கிடைச்சுது" என்று சொன்னபோது நான் போனின் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தேன். அப்பா உடனே "என்ன சாமான்?" என்று கேட்டார். மோர்மிளகாய் என்று சொல்லிவிட்டேன். "எனக்கு ஒரு துண்டு தராமல் அவ்வளவு தூரத்துக்கு அனுப்பினனியோ" என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. உப்பு அவருக்கு ஆகாது என்பதையும் மறந்துவிட்டார்.

நீ அழுதாய் என்று குரலில் தெரிந்தது. தடிமன், மூக்கடைப்பு என்று சொன்னாய். சரி, தடிமன் என்றே வைத்துக்கொள்வோம். இந்த முறை கொண்டுவர ஆள் இல்லை, தபாலில்தான் போடுகிறேன்.

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். கெக்கரி காய்த்துக் கொட்டுகிறது. முதலில் ஆண் பூவாகவே பூத்தது. காம்போடு நிற்கும், இரண்டு நாளில் உதிரும். அப்பாவுக்கு ஒரே கவலை. பிறகு ஒரு நாள் காலையில் "மலர், ஓடிவா" என்று கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன். பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நகம் அளவில் முள்ளு முள்ளாக ஒரு பிஞ்சு. அதைக் காட்டத்தான் கூப்பிட்டார். இந்த முறை தேனீ குறைவு. அதனால் வெயில் ஏறுமுன் ஆண் பூவைப் பிடுங்கி, இதழை உரித்துவிட்டு, ஒவ்வொரு பெண் பூவுக்குள்ளும் மெதுவாகத் தொட்டு விடுவார். மெசினில் குத்திக் குத்தி வீங்கிப்போன கை, ஆனால் நடுக்கமே இல்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் இரண்டு காயும் பிள்ளையாருக்கு. பிறகு கேட்கத் தேவையில்லை. ஒரு நாள் பிடுங்காமல் விட்டால் அடுத்த நாள் முழங்கை அளவுக்கு மஞ்சளித்துப்போய் நிற்கும். மஹ்மூது நானா வீட்டுக்கு, அன்ரோனெற் ரீச்சருக்கு, பாயிசுக்கு, முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று கொடுத்தும் தீரவில்லை. ஆஸ்பத்திரியில் மெசினடியில் நிற்கிற ஸரீனா என்கிற தாதி மிஸ்ஸுக்கும் ஒரு பை கொண்டுபோனோம். "ஐயா, நீங்க மட்டும் இதைச் சாப்பிடப்படாது, முழுக்கத் தண்ணி" என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். அப்பாவும் சிரித்தார்.

இப்போது மற்றது.

ஒவ்வொரு முறையும் மெசினில் போடுமுன் நிறுப்பார்கள். இரண்டு முறைக்கு இடையில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. ஏறுவதெல்லாம் உடம்பில் நிற்கிற தண்ணீர். மாசி மாதக் கடைசியில் மூன்று கிலோ ஏறியிருந்தது. அடுத்த முறை மூன்றரை. ஸரீனா மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, ஐயா எங்கேயோ தண்ணி குடிக்கிறார். நீங்க இரக்கப்பட்டுக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது, தம்பி. சோறு வடிக்கிற கஞ்சியைக் கூட அவர் கண்ணில் படாமல் மாட்டுக்கு ஊற்றுகிறவள் நான்.

அதற்குப் பிறகு நான் பொலிஸ்காரிபோல ஆகிவிட்டேன். தண்ணீர்ப் பானையைக் குசினிக்குள் வைத்துப் பூட்டினேன். கிணற்று வாளியைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். மஹ்மூது நானா வீட்டுக்குப் போய், இவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கிறீர்களா என்று கூடக் கேட்டுவிட்டேன். அந்த மனிசனின் முகம் வாடிவிட்டது. "தங்கச்சி, நான் அவருக்கு அப்படிச் செய்வனா?" என்றார். திரும்பி வரும்போது எனக்கு வழி தெரியவில்லை. டிலக்சனா, "குளிக்கேக்க வாய்க்குள்ள விடுறாரோ அம்மா?" என்று கேட்டாள். பெற்ற தகப்பனைக் குளிக்கும்போது காவல் காக்கச் சொல்லி மகளுக்குச் சொல்ல முடியுமா? நானே நின்றேன். அவர் என் பக்கம் திரும்பாமல் குளித்து முடித்தார்.

பந்தலுக்குக் கீழே அரையும் குறையுமாகக் காய்கள் கிடப்பதை நான் பல நாளாகப் பார்த்தேன். கேட்டதற்கு "மயில் கொத்துது" என்றார். மயில் இந்தப் பக்கம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும்தானே. நம்பினேன். பழைய சீலையைக் கிழித்துப் பந்தலைச் சுற்றித் தொங்கவிட்டதும் நான்தான்.

போன புதன்கிழமை பத்து மணியிருக்கும். கூட்டுறவுக் கடைக்குப் போனவள், பையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். பின்பக்கத்தால் வந்தால், பந்தலுக்குள் அப்பா நிலத்தில் குந்தியிருக்கிறார். முதுகு என் பக்கம். கெக்கரியை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்து, சாறை உறிஞ்சுகிறார், தோலைத் துப்புகிறார், மற்றதைப் பிடுங்குகிறார். சேர்ட்டின் முன்பக்கம் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. சின்னப் பிள்ளை பால் குடிக்கும்போது வருமே ஒரு சத்தம், அந்தச் சத்தம்.

நான் கூப்பிடவில்லை. அவராகவே திரும்பினார். வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. எழும்பப் பார்த்தார், கால் வீக்கத்தில் முடியவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். "நாக்கு ஒட்டுதடி. மேல்வாயில போய் ஒட்டுது. உனக்கு அது விளங்காது" என்றார். என்னை அவர் கலியாணம் கட்டி முப்பது வருசம். அந்தக் குரலில் என்னோடு அவர் ஒரு நாளும் கதைத்ததில்லை.

கெக்கரியை நடும்போதே அவர் இதை நினைத்துத்தான் நட்டாரா, இல்லை நீ சொன்னதற்காக நட்டாரா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். கேட்க மனம் வரவில்லை.

ஏச வேண்டும், தடுக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் நான் செய்தது என்ன தெரியுமா? அவருடைய சேர்ட்டைக் கழற்றி வாங்கி, டிலக்சனா காணுமுன் தோய்த்துக் காயப்போட்டேன்.

போனில் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அவர் மானஸ்தர்.

அன்புடன்,
அம்மா.


பாப்பாமோட்டை,
மன்னார்.
04.05.2025

என் அன்பு மகன் பார்த்தீபனுக்கு,

உன் முகத்தைப் பார்த்து மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. கமறா பழுது என்று அப்பா உனக்குச் சொன்னார். கமறா நன்றாகத்தான் இருக்கிறது. அவருடைய முகம்தான் காட்டக்கூடியதாக இருக்கவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். நீ இருந்து வாசி.

சித்திரை வருசப்பிறப்புக்கு முதல் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு மூச்சு எடுக்க முடியாமல் போனது. படுக்க முடியவில்லை, கதிரையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து காற்றை இழுத்தார். உதடு நீலம். டிலக்சனா அம்புலன்சுக்கு அடித்தாள். அது வரும்வரைக்கும் நான் விசிறிக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிவிட்டதாம். மூன்று நாள் ஒட்சிசன் வைத்து, ஒவ்வொரு நாளும் மெசினில் போட்டு, ஐந்து லீற்றருக்கு மேல் எடுத்தார்கள். வருசப்பிறப்பு அன்று வார்ட்டில் யாரோ கொடுத்த பலகாரம் மேசையில் அப்படியே இருந்தது.

நான் பார்த்ததற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. என் கண் முன்னால் செய்யவில்லை, அவ்வளவுதான். நானும் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேண்டுமென்றே சுணங்கி வந்த நாட்கள் இருக்கின்றன. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவர் கெஞ்சவில்லை, தம்பி. கெஞ்சியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். கேட்காதவருக்கு எப்படி இல்லை என்று சொல்வது?

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று எனக்கு ஏதோ பிடித்ததுபோல ஆகிவிட்டது. அவரைக் கதிரையில் இருத்திவிட்டு நேரே பந்தலுக்குப் போனேன். பதினெட்டுக் குழியையும் வேரோடு இழுத்தேன். கெக்கரிக் கொடியில் சொணை இருக்கும், கையெல்லாம் கீறிக்கொண்டது. பிஞ்சு, பூ, வலை எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி வேலிக்கு வெளியே எறிந்தேன். மாடு வந்து நின்று தின்றது. வேண்டாம் அம்மா, வேண்டாம் அம்மா என்று டிலக்சனா சொல்லிக்கொண்டே நின்றாள். அப்பா கதிரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார். நான் கை கழுவிவிட்டு வந்தபோது "நீ செய்தது சரி" என்றார். அதற்குப் பதிலாக அவர் எனக்கு அடித்திருக்கலாம்.

அடுத்த செவ்வாய் பாயிஸ் வந்து வாசலில் நின்றான். அப்பா எழும்பவில்லை. "தண்ணியும் குடிக்கேலாது, ஒரு காயும் கடிக்கேலாது. பிறகு என்னத்துக்குக் கழுவுறது? காணும், இனிப் போதும்" என்றார். பாயிஸ் உள்ளே வந்து, "அங்கிள், ஏறுங்கோ, போற வழியில கதைப்பம்" என்று எவ்வளவோ சொன்னான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஏழு மணிவரை நின்றுவிட்டு அவன் போனான். வெள்ளிக்கிழமையும் அதேதான். டிலக்சனா காலடியில் இருந்து அழுதாள். மஹ்மூது நானா வந்து பக்கத்தில் இருந்து நெல் விலை, மழை என்று கதைத்தார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றார், போக மட்டும் மாட்டேன் என்றார். கால், கை, கண் மடல் எல்லாம் ஊதிவிட்டது. நான் ஏசினேன், கும்பிட்டேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. மனிசன் என் கண் முன்னால் இருக்கிறார், கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போகிறார். நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு கொடி கண்ணில் பட்டது. விதை எப்படியோ சிந்தி அங்கே முளைத்திருக்கிறது. நான் இழுத்தபோது தப்பிவிட்டது. அதில் ஒரு காய். வாடல் காய்தான், ஒரு சாண் இருக்காது. பிடுங்கிச் சீலையில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸரீனா மிஸ்ஸுக்கு முன்னால் மேசையில் வைத்து, "மிஸ், இதில எவ்வளவு குடுக்கலாம்?" என்று கேட்டேன். அவர் காயைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே கொண்டுபோய்த் தராசில் நிறுத்தார். இந்த நிறையில் அநேகமாக முழுவதும் தண்ணீர் என்று கணக்குப் போட்டு, ஒரு நாளைக்கு மெல்லிசாக நாலு வட்டம், அவ்வளவையும் போத்தல் தண்ணீரில் குறைக்க வேண்டும் என்று கடதாசித் துண்டில் எழுதித் தந்தார். "ஆனா அவர் மெசினுக்கு வந்தாத்தான், அம்மா. இல்லாட்டி இதுவும் நஞ்சுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து, காயைத் தோலோடு நாலு வட்டம் வெட்டிச் சின்னத் தட்டில் வைத்து, அந்தத் துண்டையும் பக்கத்தில் வைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் ஏறினால் ஒவ்வொரு நாளும் இது உண்டு, இல்லையென்றால் இல்லை என்று சொன்னேன். தட்டைப் பார்த்தார். ஒரு வட்டத்தை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நீண்ட நேரம் மெல்லவேயில்லை. பிறகு "பாயிசை வரச்சொல்லு" என்றார். செவ்வாய் வரைக்கும் காத்திருக்காமல் அன்றே கொண்டுபோனோம்.

இப்போது ஒழுங்காகப் போகிறார். அந்த ஒற்றைக் கொடிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் நிற்குமோ தெரியாது. காய் இல்லாத நாளில் சந்தையில் வாங்குகிறேன். கடைக் காயில் பச்சை மணம் இல்லை என்று குறை சொல்கிறார்.

போன வெள்ளிக்கிழமை பெரிய டொக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் சிங்களவர், தமிழ் விளங்கும், கதைக்க வராது, ஸரீனா மிஸ்தான் சொன்னார். இதயம் களைத்துவிட்டதாம். மெசின் இன்னும் எவ்வளவு காலத்துக்குத் தாங்கும் என்று அவர்களால் சொல்ல முடியாதாம். யாராவது ஒரு சிறுநீரகம் தந்தால் இந்த வருசத்துக்குள் மாற்றலாம், அதற்குப் பிறகு இந்த உடம்பு ஒப்பரேசனைத் தாங்காதாம். எனக்குச் சீனி வருத்தம், நான் கொடுக்க முடியாது. டிலக்சனா எங்களுக்குச் சொல்லாமல் முன்னமே போய் இரத்தம் சோதித்திருக்கிறாள். என்னுடைய குறூப்தான், அப்பாவுக்குச் சரிவராது. அவள் அதைச் சொன்ன விதம், என்னவோ பிழை செய்துவிட்டவள்போல. வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று டொக்டர் கேட்டார். மகன் ஒருவன், வெளிநாட்டில் என்றேன். அவர் ஃபைலில் ஏதோ எழுதினார்.

அலுமாரி துப்புரவாக்கும்போது உன்னுடைய பழைய இரத்ததான அட்டை அகப்பட்டது. பாடசாலைக் காலத்தில் கொடுத்தது. அதில் குறூப் எழுதியிருக்கிறது. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இன்றைக்கு விடிய நான் கடதாசி எடுத்து வைத்ததும், அப்பா உள்ளே இருந்து "மோர்மிளகாய் அனுப்பப்போறியோ?" என்று கேட்டார். அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். அன்ரோனெற் ரீச்சர் வாய் தவறிச் சொல்லிவிட்டாராம். "நான் களவாய்க் காய் திண்டதையும் எழுதிப்போட்டியோ?" என்றார். ஓம் என்றேன். பிறகு என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, தான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதுகிறேன்:

"தம்பி, நீ வரப்படாது. அங்க மூண்டு வருசம் பட்ட பாடு வீணாப் போயிடும். திரும்பிப் போகவும் விடமாட்டாங்கள். நான் வயசு போனவன், வயலும் பார்த்தாச்சு, பிள்ளையளும் வளர்ந்தாச்சு. நீ இனித்தான் வாழோணும். உன்ர உடம்பில இருந்து ஒண்டையும் அறுத்து எனக்கு வேண்டாம். தங்கச்சியின்ர கலியாணத்துக்கு நீ நிண்டால் காணும். அப்பா சந்தோசமாய் இருக்கிறன். நாலு வட்டம் கெக்கரிக்காய் தாறாள் கொம்மா, அது காணும் எனக்கு."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இப்போது குறட்டை கேட்கிறது.

இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. உன்னிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகவும் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்வை எடுத்து இன்னொரு உயிருக்குக் கொடு என்று எந்தத் தாயால் எழுத முடியும்? வேண்டாம் என்று எழுதவும் பேனை ஓடவில்லை. இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கடதாசியைக் கிழித்துவிட்டேன்.

ஊர்ப் புதினம் ஒன்று. கொழும்பிலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் போகிற பஸ் முந்தி எங்கள் சந்தியில் நிற்காது. இப்போது சொன்னால் நிற்பாட்டி இறக்கிவிடுகிறார்கள். காலை ஏழு மணி போல வருகிறது. அந்த நேரம் நல்ல வெளிச்சம், நடந்தே வீட்டுக்கு வரலாம். டிலக்சனா முன்பள்ளிக்குப் போக சைக்கிளை வெளியே எடுக்கிற நேரமும் அதுதான். சும்மா ஒரு தகவலுக்கு எழுதினேன்.

எங்கே இருந்தாலும், எதை முடிவெடுத்தாலும், நீ நீடூழி வாழ வேண்டும், என் தங்கமே. உன் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. பிள்ளையார் உனக்குத் துணை நிற்கட்டும்.

உன் அம்மா,
சி. வசந்தமலர்.